ரெய்டில் இருந்து டிஸ்க் விழுகிறது: ரீசெட் எடுக்கும் நேரத்தை டிரைவர் மட்டத்தில் அளப்பது எப்படி?

கேள்வி:

வணக்கம். ஒரு சின்ன வீடியோ ஸ்டூடியோவின் பேக்கப் மெஷினை நான் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் 12, கெர்னல் 6.1, நான்கு சாட்டா ஹார்ட் டிஸ்க், எம்டி (லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு) கொண்டு ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தகவல் பிழைக்கும் அமைப்பு. பழைய ஃபைல்களைப் படிக்கும்போது திடீரென்று எல்லாம் உறைந்து நின்றுவிடுகிறது. ஒன்றரை நிமிஷம் கழித்து மெஷின் திரும்ப வரும்போது மூன்றாவது டிஸ்கை ரெய்டு வெளியே தள்ளியிருக்கிறது. கேபிளை மாற்றியாயிற்று, போர்ட்டையும் மாற்றியாயிற்று, பிரச்சினை அந்த டிஸ்கோடுதான் போகிறது. கெர்னல் லாக், நொடிக்கணக்கில்:

8112.4 ரீட் கமாண்ட் தோல்வி, ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்
8117.8 லிங்க் இஸ் ஸ்லோ டு ரெஸ்பாண்ட்
8122.4 காம்ரீசெட் (டிஸ்கின் இணைப்பை மறுதொடக்கம் செய்யும் சிக்னல்) ஃபெயில்டு, மறுபடி ரீசெட்
8132.4 காம்ரீசெட் ஃபெயில்டு, மறுபடி ரீசெட்
8167.4 காம்ரீசெட் ஃபெயில்டு, லிங்க் வேகம் குறைப்பு, மறுபடி ரீசெட்
8172.5 ரீசெட் ஃபெயில்டு, கிவிங் அப்

இந்த 60 நொடியும் டிஸ்க் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது? ரீசெட் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று துல்லியமாகப் பதிவு செய்ய வழி உண்டா?

பதில்:

ரீசெட் தொடங்கிய நேரங்களைக் கழித்துப் பாருங்கள் சார்: 10, 10, 35, 5. இது உங்கள் டிஸ்கின் நேரமே இல்லை, கெர்னலின் பொறுமை. லிபாட்டாவின் (கெர்னலில் சாட்டா டிஸ்குகளைக் கவனிக்கும் பகுதி) பிழை கையாளும் கோடில் இந்த நான்கு எண்களும் அப்படியே ஓர் அட்டவணையாக இருக்கின்றன. பெரும்பாலான டிஸ்க் 10 நொடிக்குள் சுழல ஆரம்பித்துவிடும், 20 நொடிக்குள் கிட்டத்தட்ட எல்லாமே எழுந்துவிடும், பிந்துகிறவற்றுக்கு 35, கடைசி வாய்ப்பாக ஒரு 5. பதில் சொல்லாத எந்த டிஸ்கை மாட்டினாலும் இதே வரிசைதான் லாகில் வரும்.

அப்புறம், லாகின் முதல் வரி வருவதற்கு 30 நொடி முன்பே அந்த கமாண்ட் டிஸ்குக்குப் போயிருக்கும், ஏனென்றால் எஸ்சிஎஸ்ஐ அடுக்கின் (லிபாட்டாவுக்கு மேலே உள்ள கெர்னல் அடுக்கு) வழக்கமான டைம்அவுட் 30 நொடி, அது தீர்ந்த பிறகுதான் ரீசெட்டே ஆரம்பிக்கிறது. 30-ம் 60-ம் சேர்ந்தால் உங்கள் ஒன்றரை நிமிஷம்.

அளக்க வழி உண்டு. கெர்னல் 5.17-இல் இருந்து லிபாட்டாவில் ஹார்ட்ரீசெட் பிகின், ஹார்ட்ரீசெட் எண்ட் என்று இரண்டு ட்ரேஸ்பாயின்ட் (நேரத்தோடு நிகழ்வைப் பதிவு செய்யும் இடங்கள்) இருக்கின்றன, உங்கள் 6.1-இல் கிடைக்கும். ட்ரேஸிங் கோப்பகத்தில் ஈவென்ட்ஸ், அதற்குள் லிபாட்டா என்று போய் ஆன் செய்யுங்கள். ஆனால் நான் அதைவிட முக்கியமாகப் பார்க்கச் சொல்வது க்யூசி இஷ்யூ (கமாண்ட் அனுப்பியது), க்யூசி கம்ப்ளீட் (அது முடிந்தது) இரண்டையும்தான். கமாண்ட் போன நொடிக்கும் திரும்பிய நொடிக்கும் உள்ள தூரம்தான் டிஸ்கின் உண்மையான நேரம். ட்ரேஸ் பஃபர் சீக்கிரம் நிரம்பிவிடும், அளவைக் கூட்டிவைத்துக்கொண்டு அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் ஃபில்டர் போடுங்கள்.

இன்னொருவர்:

என்சிக்யூவை (பல கமாண்டுகளை ஒரே நேரத்தில் டிஸ்கின் வரிசையில் போடும் வசதி) அணைத்துப் பார்க்கலாமே? க்யூ டெப்த்தை 1 ஆக்கினால் எனக்கு ஒரு டிஸ்கில் சரியானது.

பதில்:

ஃபர்ம்வேர் க்யூவைக் குழப்பிக்கொள்ளும் இடத்தில் அது உதவும். இங்கே காம்ரீசெட்டுக்கே பதில் இல்லை, அதாவது டிஸ்க் உள்ளே வேறு ஏதோ வேலையில் மூழ்கிக் கிடக்கிறது. என் சந்தேகம் கெட்டுப்போன செக்டர் (டிஸ்கில் தகவல் வைக்கும் சிறு துண்டு). டெஸ்க்டாப் டிஸ்குகள் அப்படி ஒரு செக்டரைப் படிக்க நிமிஷக்கணக்கில்கூட முயன்றுகொண்டே இருக்கும். ரெய்டுக்கான டிஸ்குகளோ வழக்கமாக 7 நொடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும், எம்டி பாரிட்டியில் (மற்ற டிஸ்குகளில் உள்ள மீட்புத் தகவல்) இருந்து தகவலை மீட்டு அதே இடத்தில் எழுதிவிடும். கெர்னல் டைம்அவுட்டுக்கு முன்னால் டிஸ்க் கைவிட வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் ஒரே ஒரு செக்டருக்காக முழு டிஸ்கும் போய்விடும். ஸ்மார்ட் (டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் வசதி) கருவியில் எஸ்சிடி இஆர்சி, அதாவது டிஸ்க் எவ்வளவு நேரத்தில் கைவிடும் என்ற மதிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள், 70 என்றால் 7 நொடி.

கேட்டவர்:

மூன்று டிஸ்கில் 70 காட்டுகிறது. விழும் டிஸ்கில் மட்டும் "நாட் சப்போர்ட்டட்".

பதில்:

அப்படியென்றால் அந்த டிஸ்குக்கு மட்டும் கெர்னல் டைம்அவுட்டை 180 நொடியாக்குங்கள். சிஸ் கோப்பகத்தில் பிளாக், டிஸ்க் பெயர், டிவைஸ் என்று போனால் டைம்அவுட் கோப்பு இருக்கும். ரீபூட்டில் அது 30-க்கே திரும்பிவிடும், யூடெவ் விதி (டிஸ்க் தெரிந்ததும் தானாக ஓடும் அமைப்பு) எழுதிவிடுங்கள். மற்ற மூன்றின் இஆர்சியையும் அதே விதியில் 70 என்று வையுங்கள், சில டிஸ்குகள் பவர் போனால் அதை மறந்துவிடும். ஒரு டிஸ்க் வெளியே இருக்கும்போது இன்னொன்றும் விழுந்தால் பதறிப்போய் எம்டியேடிஎம்மில் (எம்டி ரெய்டை நிர்வகிக்கும் கருவி) புதிதாக உருவாக்கும் கிரியேட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அசெம்பிள் ஃபோர்ஸ்தான் முதலில்.

கேட்டவர்:

செய்தேன். பிட்மேப் (எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பு) இருந்ததால் டிஸ்க் சீக்கிரமே உள்ளே வந்துவிட்டது, மாறிய பகுதிகள் மட்டுமே ஒத்திசைந்தன. அதே ஃபைலை மறுபடி படிக்க வைத்து ட்ரேஸ் எடுத்தேன். க்யூசி இஷ்யூவில் இருந்து பிழையோடு திரும்பும் வரை 47 நொடி, ஹார்ட்ரீசெட் ஒன்றுகூட இல்லை. அடுத்த வரியிலேயே எம்டி "ரீட் எரர் கரெக்டட், 8 செக்டர்" என்று எழுதியிருக்கிறது. ரெய்டு உடையவில்லை.

மூன்றாமவர்:

என்விஎம்இ எஸ்எஸ்டியிலும் இதே கதைதானா?

பதில்:

அங்கேயும் ஐஓ டைம்அவுட் 30 நொடிதான், ஆனால் முதலில் அந்த ஒரு கமாண்டை அபார்ட் செய்யப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கன்ட்ரோலர் ரீசெட். ரீசெட்டில் தான் தயாராக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை கன்ட்ரோலரே தன் கேப்பபிலிட்டி ரெஜிஸ்டரில் அரை நொடி அலகில் சொல்லிவிடும், 8 பிட் என்பதால் அதிகபட்சம் 127.5 நொடி. சாட்டாவில் கெர்னல் ஊகித்து வைத்த அட்டவணைக்கு அது எவ்வளவோ மேல்.

கேட்டவருக்கு: 47 நொடி என்பது 30-க்கு மேல், 180-க்குக் கீழ், அதனால்தான் இப்போது தப்பித்தீர்கள். ஸ்மார்ட்டில் 197-ஆம் எண், பென்டிங் செக்டர் (படிக்க முடியாமல் காத்திருப்பவை), அதையும் 5-ஆம் எண்ணையும் (மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்) இப்போதே குறித்துவையுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு டெபியன் தானாகவே ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும், அது முடிந்ததும் மறுபடி பாருங்கள். எண்கள் ஏறியிருந்தால் டிஸ்கை மாற்றிவிடுங்கள், வாங்கும் முன் இஆர்சி உண்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.