"நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி என்ன?

நெடுந்தெரு (கேள்வி)

வணக்கம். காற்று மாசைக் குறைப்பதற்கென அரசு ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டு ஐந்து ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. அதன் நிலையை அறிய எங்கள் குடியிருப்போர் குழு இதுவரை நான்கு மனுக்கள் அளித்துள்ளது. நான்குக்கும் வந்த பதில்கள் ஏறத்தாழ ஒரே வாசகத்தில் இருந்தன: "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு அதிகரித்திருப்பதைக் குறிப்பிட்டு எழுதியபோது, நோய் சுகாதாரத் துறையைச் சேர்ந்தது என்று சுற்றுச்சூழல் துறையும், நோயின் மூலகாரணம் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று சுகாதாரத் துறையும் பதிலளித்தன.

போராட்டம் நடத்தலாம் என்கிறார்கள் குழுவின் இளைஞர்கள்; வழக்குத் தொடரலாம் என்கிறார்கள் மூத்தவர்கள். எனக்கோ, நாங்கள் கேட்கும் விதத்திலேயே ஏதோ பிழை இருக்கிறது என்ற ஐயம் எழுந்துள்ளது. சுற்றுச்சூழலும் சுகாதாரமும் கலந்த ஒரு விவகாரத்தில் அரசைப் பொறுப்பேற்கச் செய்ய எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய தணிக்கையாளர்

நெடுந்தெரு அவர்களுக்கு வணக்கம். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தங்களுக்கு வந்த பதிலை இலக்கண ஆசிரியரைப் போல ஒருமுறை படித்துப் பாருங்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்பது செயப்பாட்டு வாக்கியம். யாரால் எடுக்கப்படுகிறது என்பது அதில் இல்லை; எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்பதும் இல்லை. கோப்புகளில் இந்த வாக்கியம் இத்தனை காலம் வாழ்வதற்குக் காரணம், அதைப் பொய் என்று ஒருவராலும் நிறுவ முடியாது என்பதுதான். ஆகவே விடுபட்டிருக்கும் அந்த எழுவாயைத் தேடுவதிலிருந்து தொடங்குங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தப் பதவியில் இருப்பவர்மீது இந்தக் கடமையைச் சுமத்துகிறது? எந்த அளவை, எந்த நாளுக்குள் எட்ட வேண்டும் என்று திட்டம் கூறுகிறது? இவற்றுக்கு விடை இல்லையென்றால் தங்கள் கையில் இருப்பது திட்டமன்று, நல்லெண்ண அறிக்கை. அப்போது முதற்கோரிக்கையே எண்ணும் நாளும் வேண்டும் என்பதாக இருக்க வேண்டும்.

அடுத்து, செலவு, செயல், விளைவு ஆகிய மூன்றும் வெவ்வேறு. "இத்தனை கோடி ஒதுக்கப்பட்டது" என்பது செலவு. "இத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன, இத்தனை சாலைகளில் நீர் தெளிக்கப்பட்டது" என்பது செயல். காற்றில் நுண்துகள் எவ்வளவு குறைந்தது என்பதே விளைவு. அரசின் ஆண்டறிக்கைகள் முதல் இரண்டோடு நின்றுவிடுவதைத் தாங்கள் கவனித்திருக்கலாம். நட்ட கன்றுகளில் மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருப்பவை எத்தனை என்று கேட்டாலே பல அறிக்கைகள் தடுமாறிவிடும்.

விளைவைக் காட்டும் எண் கிடைத்தாலும் அது எவ்வாறு பெறப்பட்டது என்பதைப் பார்க்காமல் நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரம் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் பழைய குழாய்களிலிருந்த ஈயம் நீரில் கலந்தது. அங்கு அப்போதிருந்த விதிப்படி, மாதிரிகளில் பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் ஈயம் நூறு கோடியில் 15 பங்கைத் தாண்டினால் குடிநீர் வழங்கும் அமைப்பு நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 2015இன் முதற்பாதியில் எடுக்கப்பட்ட 71 மாதிரிகளில் இரண்டை அதிகாரிகள் கணக்கிலிருந்து நீக்கினார்கள். அந்த இரண்டும் நீங்கியதும் நகரம் விதிக்குள் வந்துவிட்டது. நீக்கியதற்கு விதிமுறைக் காரணம் சொல்லப்பட்டது. ஆனால் குழாயில் வந்த நீர் மாறவில்லை.

அளவீட்டுக் கருவிகள் எங்கே நிறுவப்பட்டுள்ளன என்பதும் இதே வகையைச் சேர்ந்த கேள்விதான். பூங்காவுக்குள் நிற்கும் கருவி பேருந்து நிலையத்தின் காற்றை அளப்பதில்லை. பிரசல்ஸ் நகரவாசிகள் சிலர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஜூனில், கருவிகளின் இருப்பிடத் தேர்வு சரியா என்று நீதிமன்றங்கள் ஆராயலாம் என்றும், ஓரிடத்தில் அளவு மீறப்பட்டாலே அது மீறல்தான், நகரம் முழுமைக்கும் சராசரி எடுத்து அதை மறைக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தது. சராசரியின் நிழலில் ஒதுங்கியவர்களைப் பணிக்காலத்தில் நிறையப் பார்த்தவன் என்பதால், எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்புகளில் அது ஒன்று.

வழக்குமன்ற வாசல்

தணிக்கையாளர் ஐயா கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எண்ணும் நாளும் கிடைத்துவிட்டால் அரசு பிடிபட்டுவிடும் என்ற தொனி அதில் இருக்கிறது. என் அனுபவம் அவ்வாறு இல்லை.

பிரிட்டனைப் பாருங்கள். காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு எந்த அளவைத் தாண்டக் கூடாது என்ற எண்ணும் இருந்தது. 2010 ஜனவரி 1 என்ற நாளும் இருந்தது. நாள் கடந்தது, அளவு குறையவில்லை. கிளையன்ட்எர்த் என்ற சட்ட அமைப்பு தொடுத்த வழக்கில் 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அவ்வாண்டு இறுதிக்குள் புதிய திட்டம் வகுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. அரசும் திட்டத்தை வெளியிட்டது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் அது சட்டத்துக்குப் புறம்பானது என்றது. மீண்டும் ஒரு திட்டம். 2018 பிப்ரவரியில் அதிலும் குறை கண்டது நீதிமன்றம். மூன்று வெற்றிகள், மூன்றுக்குப் பின்னும் அதே சாலைகளில் அதே புகை.

இதில் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தாங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். இரண்டு தவறுகளை அது குறிப்பிட்டது. இயன்ற அளவு விரைவில் என்று சட்டம் கூறியிருக்க, அரசு முதலில் ஒரு தொலைவான ஆண்டைத் தேர்ந்துகொண்டு திட்டத்தை அதற்கேற்ப வெட்டித் தைத்திருந்தது. அத்துடன், டீசல் வாகனங்கள் சாலையில் உண்மையில் வெளியிடும் புகையைக் குறைத்து மதிப்பிடும் கணிப்பை அடிப்படையாகக் கொண்டிருந்தது. எனவே எந்த நாள் என்று மட்டும் கேட்டுத் திருப்தியடையாதீர்கள்; அந்த நாள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது, எந்த அனுமானங்களின் மீது கணிப்பு நிற்கிறது என்பதற்கான கோப்பையும் கேளுங்கள்.

தீர்ப்புக்குப் பிந்தைய காலத்தை எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதில்தான் உண்மையான திறமை இருக்கிறது. பிரான்சில் உயரிய நிர்வாக நீதிமன்றம், காற்று மாசைக் குறைக்குமாறு 2017இல் தான் பிறப்பித்த ஆணையை அரசு முழுமையாக நிறைவேற்றவில்லை என்று கண்டு, நிறைவேற்றாத ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் ஒரு கோடி யூரோ செலுத்த நேரிடும் என்று 2020 ஜூலையில் எச்சரித்தது. 2021 ஆகஸ்டில் அத்தொகையைச் செலுத்தவும் வைத்தது. 2022இல் மேலும் இரண்டு கோடி. அத்தொகை அரசுக் கருவூலத்துக்குள்ளேயே சுற்றிவராமல், வழக்குத் தொடுத்த சூழலியல் அமைப்புக்கும் காற்றைக் கண்காணிக்கும் நிறுவனங்களுக்கும் பகிரப்பட்டது என்பது நுட்பமான ஏற்பாடு.

பிலிப்பைன்ஸின் வழி வேறு. மணிலா விரிகுடாவைத் தூய்மைப்படுத்தக் கோரி 1999இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு துறைக்கும் அதனதன் கடமையைத் தனித்தனியே எழுதி, காலாண்டுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை அளிக்குமாறு கட்டளையிட்டது. தொடர் கண்காணிப்புப் பேராணை என்று இதனைக் கூறலாம். தங்கள் இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொள்வதாக எழுதியுள்ளீர்கள். அத்தகைய நிலைக்கு ஏற்ற மருந்து இதுவே. விரிகுடா அதனால் முற்றும் தூய்மையாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் யாருடைய பங்கு நிறைவேறவில்லை என்பது ஏட்டில் நின்றது.

காய்ச்சல் அட்டை

நான் மருத்துவர், பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றியவள். மேலே இருவரும் சுற்றுச்சூழல் துறையையே முன்னிறுத்திப் பேசியிருப்பதால், விடுபட்ட பாதியைப் பற்றி எழுதுகிறேன்.

"இந்தக் குழந்தையின் மூச்சிரைப்புக்கு இந்தப் புகைதான் காரணம் என்று நிறுவுங்கள்" என்பது அரசுகளுக்கு மிகவும் வசதியான கோரிக்கை. ஒரு தனி நோயாளியிடம் அதனை நிறுவுவது பெரும்பாலும் இயலாது. மக்கள்தொகை அளவில், மாசு கூடிய நாட்களில் மருத்துவமனைச் சேர்க்கை கூடுகிறதா என்று பார்ப்பது இயலும். அதற்கான தரவு சுகாதாரத் துறையிடமே இருக்கிறது. ஃபிளின்ட் நகரில் அளவீட்டு மாதிரிகள் சொல்லாததைச் சொன்னது மருத்துவமனை ஆவணம்தான். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை நீர் ஆதாரம் மாறுவதற்கு முன், பின் என்று பிரித்துப் பார்த்து, ஈயம் மிகுந்திருந்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானதை 2015 செப்டம்பரில் வெளியிட்டார். மாநில அதிகாரிகள் முதலில் அவருடைய கணக்கைத் தவறென்றார்கள். பின்பு தங்கள் தரவும் அதையே காட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் நீர் ஆதாரம் மீண்டும் மாற்றப்பட்டது.

ஆகவே சுகாதாரத் துறையிடம் "காரணம் என்ன" என்று கேட்காதீர்கள். ஆள் அடையாளம் நீக்கப்பட்ட எண்ணிக்கைகளை, மாதவாரியாக, வயதுவாரியாக, பகுதிவாரியாகக் கேளுங்கள். காரணம் பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிப்பதைப் போல, எண்ணிக்கை பற்றிய கேள்வியை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

உறுதியான சான்று வரட்டும் என்று காத்திருப்பதன் விலை என்ன என்பதற்கு ஜப்பானின் மினமாட்டாவைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆலைக் கழிவு கலந்த கடலின் மீனை உண்டவர்களைத் தாக்கிய அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். கரிமப் பாதரசமே காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959இலேயே சுட்டிக்காட்டினார்கள். ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசு வாய்திறந்து ஒப்புக்கொண்டது 1968இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கழிவு கடலில் கலந்துகொண்டே இருந்தது. மக்கள் மீன் உண்டுகொண்டே இருந்தார்கள். 2004 அக்டோபரில் ஜப்பானின் உச்ச நீதிமன்றம், 1959 இறுதிக்குள்ளேயே அரசும் குமமோட்டோ மாவட்ட நிர்வாகமும் தங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று கூறி, அவற்றைப் பொறுப்பாக்கியது. தீர்ப்பு நோக்கியது அரசு எப்போது ஒப்புக்கொண்டது என்பதை அன்று; எப்போது செயல்படப் போதிய அளவு தெரிந்திருந்தது என்பதை. துறைக்குள் முதல் எச்சரிக்கைக் குறிப்பு எழுதப்பட்ட தேதியைக் கண்டுபிடிப்பது பாதி வழக்கை முடித்ததற்குச் சமம் என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்குமன்ற வாசல் அவர்கள்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

வழக்குமன்ற வாசல்

மருத்துவர் அம்மாவின் கருத்து சரியே; நாட்டுக்கு நாடு எடைமட்டும் மாறும். உறுதியான சான்று இல்லாமையைச் செயலின்மைக்குச் சாக்காக்கக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை, தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் அந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே அறிவித்தது.

இழப்பீடு கோருவது மட்டும் இன்னும் கடினமான பாதை. மாசால் உடல்நலம் கெட்டவருக்கு அரசிடம் இழப்பீடு பெறும் உரிமையை அப்போதைய காற்றுத்தரச் சட்டங்கள் வழங்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறிவிட்டது. நீதிமன்றத்தில் தோற்ற அதே கோரிக்கை, 2024இல் திருத்தப்பட்ட சட்டத்துக்குள் இடம்பெற்றது: விதிகள் வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ மீறப்பட்டதால் உடல்நலம் பாதிக்கப்பட்டவர் இனி இழப்பீடு கோரலாம். தோற்ற வழக்குகளும் சட்டமன்றத்துக்குச் செல்லும் வழியில் பயன்படுகின்றன என்பதைத் தங்கள் குழுவின் இளைஞர்களிடம் தெரிவியுங்கள்.

நெடுந்தெரு

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. எங்கள் திட்டத்தின் இலக்கு உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையைவிட மிகவும் தளர்வானது. அரசு தன் இலக்கை எட்டிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் காற்று பாதுகாப்பானதாகிவிடாது அல்லவா? தற்போதைக்கு ஐந்தாவது மனுவை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: (1) திட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு எந்தப் பதவியிடம் உள்ளது? (2) ஒவ்வோர் அளவீட்டுக் கருவியின் இருப்பிடமும் அதைத் தேர்ந்த காரணத்தைக் கூறும் கோப்பும் வேண்டும். (3) இலக்கு ஏன் இதுவரை எட்டப்படவில்லை?

பழைய தணிக்கையாளர்

சந்தேகம் நியாயமானதே. 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரிப் பரிந்துரையை அந்த அமைப்பு 2021இல் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது. அது பரிந்துரை மட்டுமே. எந்த அரசையும் சட்டப்படி கட்டாது. ஆகவே இலக்கின் தளர்வும் இலக்கை எட்டாமையும் இரண்டு வெவ்வேறு வழக்குகள். ஒரே மனுவில் கலந்தால், பதிலளிப்பவர் எளிதானதற்கு மட்டும் விடையெழுதித் தப்பிவிடுவார். இலக்கைப் பற்றிய விவாதத்தைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டு செல்லுங்கள்.

மனுவில் மூன்றாம் கேள்வியை மாற்ற வேண்டும். தகவல் கோரும் சட்டங்கள் பொதுவாக, இருக்கும் ஆவணத்தைக் கேட்கவே வழிசெய்கின்றன. "ஏன்" என்று தொடங்கினால், விளக்கம் அளிக்கக் கடமையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இலக்கு எட்டப்படாதது குறித்துத் துறைக்குள் நடந்த ஆய்வுக் கூட்டங்களின் தேதிகளும் நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்களும் தேவை" என்று எழுதுங்கள். கூட்டமே நடக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் தர நேரிடும். மருத்துவர் அம்மா கூறிய எண்ணிக்கைகளை இதே மனுவில் சேர்க்காமல், சுகாதாரத் துறைக்குத் தனி மனுவாக அதே நாளில் அனுப்பிவிடுங்கள்.