‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகு

நான் (மாலை 6:40): பெரியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சின்னவனுக்கு ஐந்து வயதாகிறது. மளிகைக் கடையில் பில் போடும் மேசையருகே, சரியாக அவன் கண்மட்டத்தில் அடுக்கியிருந்த சாக்லேட்டைக் கேட்டான், வேண்டாம் என்றேன். அதிலிருந்து சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, “ஒன்றே ஒன்று” என்று வீடு வந்து சேர்ந்த பின்னும் நச்சரிக்கிறான். திட்டுவதா, பேசாமல் விட்டுவிடுவதா?

அம்மா (6:44): குழந்தை ஏங்கிப் போகக் கூடாது. என்னிடம் வந்தால் நாலு தடவை கெஞ்சுவதற்குள் கொடுத்துவிடுவேன். அழுகிற பிள்ளைதானே பால் குடிக்கும்?

பெரியப்பா (6:58): அந்தப் பழமொழியைத்தான் சின்னவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன ஒரு நிகழ்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் 1959-இல் எழுதியது. நோய்வாய்ப்பட்டிருந்து தேறிய 21 மாதக் குழந்தையொன்று, தூங்கும்வரை யாராவது அறையிலேயே இருக்க வேண்டும் என்று தினமும் கத்தி அழுதது. உடலில் குறை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, அன்பாகப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். திரும்ப உள்ளே போகவில்லை. முதல் முறை 45 நிமிடம் அழுத குழந்தை, பத்தாம் முறை சிரித்துக்கொண்டே படுத்தது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் அழுதபோது, அந்த வீட்டிலிருந்த அத்தை மனம் பொறுக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், பழைய கதை திரும்பியது. முழுவதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சித்தி (7:01): எந்த நாடானாலும் பழி அத்தை மேல்தான் விழுகிறது, பார்த்தீர்களா அக்கா!

பெரியப்பா (7:06): சிரிக்காதே அம்மா, விஷயம் அங்கேதான் இருக்கிறது. எப்போதுமே கொடுக்காத வீட்டில் பிள்ளை சீக்கிரம் அடங்கிவிடும். பத்து முறை மறுத்துப் பதினோராம் முறை கொடுக்கிற வீட்டில், பதினோரு முறை கேட்கலாம் என்றுதான் அது கற்றுக்கொள்கிறது. ஆகவே கொடுக்கப்போவதாக இருந்தால், நல்லபடியாகக் கேட்ட முதல் முறையிலேயே கொடுத்துவிட வேண்டும். மறுத்தால், வீட்டில் யாருடைய மறுப்பும் மற்றவரால் மாறக் கூடாது. தொடக்கத்தில் அழுகை இன்னும் கூடத்தான் செய்யும். அந்த நேரத்தில் இளகிவிட்டால், சத்தமாக அழுதால் கிடைக்கும் என்றாகிவிடும்.

அம்மா (7:09): அழுகிற பிள்ளையைத் தூக்கவும் கூடாதா? அதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

பெரியப்பா (7:12): தாராளமாகத் தூக்கலாம். கதவைச் சாத்தச் சொல்லவில்லை, மடியில் வைத்துக்கொண்டே சாக்லேட்டை மறுக்கலாம். “உனக்கு ஆசையாகத்தான் இருக்கும், இன்றைக்குக் கிடையாது” என்று ஒருமுறை சொன்னால் போதும். திரும்பத் திரும்பக் காரணம் விளக்கினால், பேச்சு இன்னும் முடியவில்லை என்றே அவன் எடுத்துக்கொள்வான்.

தம்பி (7:15): “நாளைக்கு வாங்கித் தருகிறேன்” என்று சமாளிப்பதையும் விட்டுவிடு அக்கா. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே கேட்பான். பூச்சாண்டி, போலீஸ் மாமா எல்லாம் அதைவிட மோசம்.

சித்தி (7:19): இன்னொன்று. பள்ளி விட்டு வந்த பசியோடு கடைக்கு அழைத்துப் போகாதே; இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்துக் கூட்டிப்போ. இன்றைக்கு என்ன வாங்கப் போகிறோம் என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டு, பட்டியலில் ஒரு பொருளை அவனையே எடுத்துப் போடச் சொல். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லாமல், முக்கியமானவற்றுக்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்துக்கொள்.

நான் (7:24): சரி சித்தி. அம்மா, ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கே விடுகிறேன். சாப்பிடும்போது கைபேசி கேட்பான். எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

அம்மா (7:31): கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். ஆனால் முறுக்கு கேட்டால் முதல் தடவையிலேயே கொடுப்பேன். உன் பெரியப்பாவே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.