பலூன் வெடித்த ஞாயிறு: ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு சபைகளில் கண்டவை

ஞாயிறுபள்ளி அக்கா:
2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தது பற்றி மட்டக்களப்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இங்கே தாக்கப்பட்ட சீயோன் சபையில் எத்தனை பிள்ளைகளை இழந்தோம் என்று தெரியும். மனதை விட்டுப் போகாதது இதுதான்: பிறந்தநாள் பலூன் ஒன்று வெடித்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் வாங்குக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டான். "பயப்படாத, இயேசப்பா இருக்கிறார்" என்று ஆசிரியை கையைப் பிடித்து இழுத்தா. அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது.

இழுக்காதீங்க. நீங்களும் தரையில் உட்காருங்க. பெயரைச் சொல்லி, "அது பலூன். நீ வகுப்பில் இருக்கிறாய்" என்று மெதுவாகச் சொல்லுங்க. கேட்காமல் தொடக் கூடாது. நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வையுங்க. விடுகிற மூச்சு நீளமாக இருந்தால்தான் படபடப்பு இறங்கும். பிறகு தண்ணீர். அதற்குப் பிறகு பிள்ளை விரும்பினால் ஜெபம், இரண்டே வரி.

சங்கீதம்13:
பெரியவர்களுக்கும் இதே அவசரம்தான் கேடு. சங்கீதம் 13-ஐ வைத்துப் புலம்பல் கூட்டம் நடத்தினால் ஏழு பேருக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு வசனம் முறைப்பாடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. இந்த வரிசையில் தங்கள் சங்கீதத்தைத் தாங்களே எழுத 20 நிமிடம் கொடுங்க. வாசிக்கச் சொல்லி வற்புறுத்தாதீங்க.

ஒரு தாய் அந்தச் சங்கீதத்தில் வரும் "எதுவரைக்கும்" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி, அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுதினா. பேனை தாளைக் கிழித்தது. அந்த நேரம் பார்த்து "துதியோடு முடிப்போம்" என்று பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அவ தாளை மடித்துப் பைக்குள் வைத்தா. அடுத்த கிழமை வரவில்லை. இப்படியானவர்களுக்கு 88-ஆம் சங்கீதத்தைக் கொடுங்க. அது இருளிலேயே முடிகிறது, ஆனால் கடைசிவரை கர்த்தரோடுதான் பேசுகிறது. அதுவும் விசுவாசம்தான்.

கல்லடி:
அக்கா, ஜெபத்தைக் கடைசிக்குத் தள்ளுவதை ஏற்க மாட்டேன். தரையில் உட்காரும்போதே மனதுக்குள் ஜெபிக்கலாமே. மற்றதெல்லாம் சரி. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் கொடுத்தது அடையும் தண்ணீரும். இரண்டு முறை தூங்கி, இரண்டு முறை சாப்பிட்ட பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணம்.

வீடு சந்திக்கப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் போதும், அரை மணித்தியாலம் போதும். சமைத்த சாப்பாடு கொண்டுபோங்க. "என்ன நடந்தது" என்று கேட்காதீங்க. அவர்களாகச் சொன்னால் கேளுங்க, இடையில் வசனம் சொல்லாதீங்க. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் இருந்தவரை நல்லவர்கள்தான். சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிடாதீங்க. ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் இல்லை, அந்தக் காட்சி கண்முன்னே வருகிறது என்றால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்க. சாகப் போகிறேன் என்றால் மாதக் கணக்குப் பார்க்காதீங்க, அன்றைக்கே கூட்டிப்போங்க. மனநல உதவித் தொலைபேசி 1926-க்கு எந்த நேரமும் எடுக்கலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தப் பாஸ்டருக்கும் இல்லை. முக்கியமாக, மன்னித்தால்தான் சுகம் வரும் என்று போதிக்க வேண்டும்.

நீர்கொழும்பு:
கல்லடி அண்ணன், கடைசி வரியில் முழுவதையும் கெடுத்துவிட்டீங்க. மன்னிப்பைக் கேட்டு வாங்க முடியாது. மன்னித்தவருக்கும் நீதி வேண்டும். 2023 ஜனவரியில் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்ததற்கு ஆறுதல்பட்டவர்களை அவிசுவாசிகள் என்பீங்களா?

அன்றைக்கே தாக்கப்பட்ட எங்கள் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்தில் இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சிலையைக் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். சந்தேகப்பட்ட சீடன் தோமாவுக்கு இயேசு காட்டியதும் காயத்தைத்தானே.

கோயிலுக்குத் திரும்பி வருகிறவர்களை வாசல் தெரிகிற ஓர இருக்கையில் விடுங்க, முன்வரிசைக்கு அழைக்காதீங்க. மணி அடிக்கப் போகிறது என்றால் முன்கூட்டியே பக்கத்தில் போய்ச் சொல்லுங்க.