பேத்திக்குத் தாத்தா பெயர்: 'அன்' சேர்க்கலாமா, கூடாதா?

கேத்தி பள்ளத்தாக்கு:
ஆண் வாரிசு இல்லாத வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. தாத்தா பெயரைப் பேத்திக்கு வைக்க ஆசை. ஆனால் 'அம்மாள்', 'ஆயி' என்று எதையும் ஒட்டாமல், மாதன் என்றால் மாதன், இளமாறன் என்றால் இளமாறன் என்று அப்படியே வைக்க வேண்டும். பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். வைக்கலாம் என்பது என் கட்சி.

பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். பேத்தியும் பெயர்த்திதான். பெயர் தாங்கும் உரிமையைச் சொல்லே இருவருக்கும் கொடுத்திருக்கும்போது, பேரனுக்கு முழுப் பெயர், பேத்திக்கு மட்டும் ஒட்டுப் போட்ட பெயர் என்பது எந்த நியாயம்?

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது எப்போதோ நடந்துவிட்டது. ஆஷ்லி, ஷெர்லி, பெவர்லி எல்லாம் ஒரு காலத்தில் ஆண்களின் பெயர்கள். 1991இலும் 1992இலும் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் ஆஷ்லி. இங்கே நீலகிரியில் குன்னூர், வெலிங்டன் பக்கம் ஷெர்லி என்று கேட்டால் ஆணை யாராவது நினைப்பார்களா?

குந்தா தமிழ்:
ஷெர்லியை வைத்துத் தமிழுக்கு வழக்காட முடியாது. அந்தப் பெயரில் பாலைக் காட்டும் உறுப்பே கிடையாது. யார் வைத்துக்கொண்டார்களோ அவர்களுக்கு அது சொந்தம். தமிழ்ப் பெயர் அப்படியில்லை. 'மாறன்' என்பதைப் பகுத்தால் கடைசியில் 'அன்' நிற்கிறது. அது ஆண்பால் விகுதி. பாண்டியன், கண்ணன், அவன், வந்தான் எல்லாவற்றிலும் நிற்கும் அதே ன். வினைமுற்றும் பாலைச் சொல்லியே ஆக வேண்டிய மொழி நம்முடையது. 'மாறன் வந்தாள்' என்றால் எழுவாய் ஒரு பால், பயனிலை ஒரு பால். நன்னூல் இதைப் பால்வழு என்று சொல்கிறது.

தாத்தா பெயரைப் பேத்திக்கு வைப்பதை நான் எதிர்க்கவில்லை. விகுதியோடு வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். விகுதியை எடுத்துவிட்டு வேரை வையுங்கள். அருள், அன்பு, மணி, முத்து, தங்கம், ரத்தினம், பழனி, மதி, சுடர் என்று இருபாலுக்கும் பொதுவான பெயர்கள் எத்தனை! முதலாம் இராசராசனின் இயற்பெயர் அருண்மொழி. இன்று அந்தப் பெயரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, யார் காதுக்கும் உறுத்தவில்லை. அதில் 'அன்' இல்லை, அதுதான் காரணம்.

கேத்தி பள்ளத்தாக்கு:
ஐயா, நன்னூலை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். 'உவப்பினும் உயர்வினும்' என்று தொடங்கும் நூற்பா, மகிழ்ச்சியால் பால் மாறிச் சொல்வதை 'இயல்பே' என்று ஏற்றுக்கொள்கிறது. மகனைத் தாய் 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வதைத்தானே அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்? பெண் பிள்ளையை 'வாடா கண்ணா' என்று கூப்பிடாத வீடு நம் மலையில் இருக்கிறதா?

காதுக்கு உறுத்தும் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஹெலன், சூசன் என்று எத்தனை பெண்கள்! அவையும் 'அன்' ஓசையில்தான் முடிகின்றன.

குந்தா தமிழ்:
இப்படி வழுவை ஏற்றுக்கொள்ளும் வழுவமைதி அந்தந்த நேரத்து உணர்ச்சிக்குக் கொடுத்த சலுகை. கொஞ்சும்போது 'டா' போடலாம். பள்ளிப் பதிவேட்டில் 12 ஆண்டும், வாக்காளர் பட்டியலில் ஆயுள் முழுக்கவும் நிற்கும் பெயருக்கு அந்தச் சலுகை எப்படிப் பொருந்தும்? ஹெலனிலும் சூசனிலும் இருப்பது விகுதி அல்ல, வெறும் ஈறு. மான், தேன், மீன் ஆகியவற்றில் இருக்கும் ன் போல. தேன்மொழி என்ற பெயரில் ஆணைத் தேடுவோமா? பகுக்க முடிகிற பெயரையும் பகுக்க முடியாத பெயரையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

நாக்குபெட்டா:
முதலில் ஒரு திருத்தம். 'மாதன்' என்பது படுகர் வாயில் வரும் பெயரே அல்ல. நாங்கள் சொல்வது மாத. பெண்ணுக்கு மாதி. நஞ்ச, நஞ்சி என்பதும் அப்படியே. தமிழில் எழுதும்போது எழுத்தர்கள் ன் சேர்த்து மாதன், நஞ்சன், போஜன் என்று ஆக்கினார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஆகவே படுகு வீடுகளில் 'அன்' வேண்டுமா என்ற கேள்வியே வெளியிலிருந்து வந்தது. அதற்காக ஆண், பெண் வேறுபாடு இல்லை என்று நினைக்க வேண்டாம். கடைசி உயிரெழுத்தில் இருக்கிறது.

இதில் சேராத பெயர் ஒன்று உண்டு: பெள்ளி. வெள்ளி என்று பொருள். உபதலை ராவ் பகதூர் பெள்ளி கவுடர் இந்த மாவட்டம் அறிந்த பெரியவர். அவர் மகன்தான் சட்டமன்றம் சென்ற எச்.பி. ஆரி கவுடர். அதே பெள்ளி, முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைக் குட்டிகளை வளர்த்த காட்டுநாயக்கர் பெண்ணின் பெயர். 2023இல் தமிழக அரசு அவரை முதல் பெண் காவடியாக, அதாவது யானைப் பாகனின் உதவியாளராகப் பணியில் அமர்த்தியது. ஒரே மாவட்டம், ஒரே பெயர். ஒரு சமூகத்தில் கவுடர், இன்னொன்றில் பெண். அந்தப் பெயர் பெண்ணுக்குப் போனதால் பெள்ளி கவுடரின் மதிப்பு குறைந்ததா?

இன்னொன்று. ஆரி கவுடரின் முன்னெழுத்துகளைப் பாருங்கள். முதலில் ஊர், பிறகு தந்தை. அட்டியின் பெயரையும் தந்தை பெயரையும் முன்னெழுத்தாகச் சுமப்பது நம் வழக்கம். தாத்தாவின் நினைவு நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், முன்னெழுத்திலும் அதற்கு இடம் இருக்கிறது.

சலேத் ரோடு:
கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். 'அம்மாள்' ஒட்டுவதைக் கேத்தி அக்கா குறைவாகப் பேசியது வருத்தமாக இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆண் புனிதரின் பெயரைப் பெண்ணுக்குத் திறந்துவிட்டதே அந்த 'அம்மாள்'தான். சூசை என்றால் யோசேப்பு, அதிலிருந்து சூசையம்மாள். சவேரியாரிலிருந்து சவரியம்மாள். மிக்கேலம்மாள், அந்தோணியம்மாள். மலைமேல் பூம்பாறைக்குப் போனால் குழந்தை வேலப்பர். வேலிலிருந்து வேலம்மாள், அடிவாரத்துப் பழனியிலிருந்து பழனியம்மாள். முருகாயி, ராமாயி, பெருமாயி எல்லாம் இதே வழி. ஆண் தெய்வத்தின் பெயரைப் பெண் பிள்ளைக்கு மறுக்கவே இல்லை நம் முன்னோர். சிறிது மாற்றிக் கொடுத்தார்கள்.

சலேத் மாதா கோயிலை ஒட்டி வரும் பெயர்களும் அப்படித்தான். பிரான்சில் உள்ள ஒரு மலையூரின் பெயர், சலேத் மேரி என்று பெண்ணுக்கும் சலேத் ராஜ் என்று ஆணுக்கும் ஆனது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் என்று வைத்தால் திருமண நேரத்தில் கோயில் ஏடும் அரசு ஆவணமும் ஒத்துப்போகாமல் திண்டாட்டம் வரும். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

சோலைக்குருவி:
இலக்கணம், வழக்கம் எல்லாம் சரி. பெண்ணுக்கு ஆண் பெயர் எதற்காக வைக்கிறார்கள் என்பதை யாரும் தொடவில்லையே.

'அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும்' என்று போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெயர் வைத்த நாடு இது. மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் 'நகுசா', அதாவது 'வேண்டாதவள்' என்ற பெயரோடு இருந்த 285 பெண்களுக்கு 2011இல் அரசு விழா எடுத்துப் புதுப் பெயர் கொடுத்தார்கள். மகன் இல்லாத வீட்டில் மகளுக்கு ஆண் பெயர் வைக்கும்போது, அது மரியாதையா, ஏக்கமா? 'நீ ஆணாகப் பிறந்திருக்க வேண்டியவள்' என்பதை அந்தக் குழந்தை ஒவ்வொரு முறை கையெழுத்துப் போடும்போதும் சுமக்கக் கூடாது.

ஆங்கில எடுத்துக்காட்டிலும் ஒரு பாதிதான் சொல்லப்பட்டது. ஷெர்லி, பெவர்லி பெண்களிடம் போனபின் ஆண் குழந்தைகளுக்கு வைப்பது நின்றுபோனது. பெண்ணுக்கு ஆண் பெயர் உயர்வு, ஆணுக்குப் பெண் பெயர் தாழ்வு என்ற எண்ணம் அங்கே அப்படியே இருக்கிறது. அதை நாம் இறக்குமதி செய்ய வேண்டுமா?

கேத்தி பள்ளத்தாக்கு:
சோலைக்குருவி அக்கா, ஏக்கத்தால் வைப்பதாக இருந்தால் நானும் எதிர்ப்புதான். மகள் பிறந்ததில் முழு மனது இல்லாத வீட்டில் எந்தப் பெயர் வைத்தாலும் அது காயம்தான். நான் பேசுவது, 'இவளே எங்கள் வாரிசு' என்று ஊரறியச் சொல்லும் வீட்டைப் பற்றி.

தாழ்வு என்று சொன்னீர்களே, தமிழில் அது பொருந்தாது. நம்மிடம் போக்குவரத்து இரண்டு பக்கமும் உண்டு. காளி, மாரி என்று ஆண்கள் இருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பெயரின் தலையிலேயே மீனாட்சி. பாரதி என்றால் கலைமகள், அந்தப் பெயரைச் சூடியவர் முண்டாசுக் கவிஞர், இன்று அவர் நினைவாக ஆணுக்கும் வைக்கிறார்கள், பெண்ணுக்கும் வைக்கிறார்கள். பெண் தெய்வத்தின் பெயரை ஆண் தாங்குவதில் நமக்கு என்றும் வெட்கம் இருந்ததில்லை. பிறகு மாறனைப் பெண் தாங்கினால் மட்டும் என்ன?

குந்தா தமிழ்:
நல்ல எடுத்துக்காட்டுகள்தாம். ஆனால் காளி, மாரி, பாரதி மூன்றும் இகரத்தில் முடிகின்றன. இகர ஈறு ஆணுக்கும் வரும்: ரவி, பழனி, நம்பி. மீனாட்சிக்குப் பின்னால் சுந்தரம் இருக்கிறது. 'அன்' அப்படி இரண்டு பக்கமும் போகாது. சங்கப் புலவர் பெயர்களில் 'ஆர்' என்ற மதிப்பு விகுதி ஏறியதால், பொன்முடியார் ஆணா பெண்ணா என்று இன்றுவரை விவாதிக்கிறோம். விகுதி ஒன்று மாறினால் அடையாளமே எவ்வளவு மறையும் என்பதற்கு அதுவே சான்று.

சோலைக்குருவி:
பொன்முடியார் ஆணா பெண்ணா என்று தெரியாமலே அவர் பாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறோமே ஐயா. அதில் என்ன குறைந்தது?

மனுப்பலகை:
எந்தப் பக்கம் போனாலும் பதிவில் கவனம் வேண்டும். மனு எழுதிக் கொடுக்கும் இடத்தில் பார்க்கும் சிக்கல்களைச் சொல்கிறேன்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் முடிவாகவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை வழி உண்டு. வீட்டில் வாதம் முடியாதவரை அவசரப்பட்டு ஒரு பெயரைப் பதிந்துவிடாதீர்கள். பெயர் ஏறிவிட்டால் எழுத்துப் பிழையைத்தான் திருத்துவார்கள். வேறு பெயர் வேண்டுமென்றால் எழுதுபொருள் அச்சுத்துறை வழியாக அரசிதழில் வெளியிட வேண்டும். அதன் பிறகும் பழைய சான்றிதழையும் அரசிதழ்ப் பக்கத்தையும் சேர்த்தே காட்டிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம், அதனால் அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் முக்கியம்.

பிறந்த இடத்தில்தான் பதிவு. கோத்தகிரிக்காரர்கள் கோவை மருத்துவமனையில் பிரசவம் பார்த்தால் பெயர் சேர்க்கவும் கோவைப் பதிவாளரைத்தான் கேட்க வேண்டும். ஊட்டியில் கேட்டு அலைய வேண்டாம்.

ஆண் பெயர் கொண்ட பெண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழில் பால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மருத்துவமனைப் படிவத்திலேயே பால் நிரப்பப்படுகிறது, பெயர் பிறகுதான் வருகிறது. தவறு நுழைவது அடுத்த படியில். பள்ளியிலோ குடும்ப அட்டையிலோ பெயரை மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்பவர் 'ஆண்' என்று அழுத்திவிடுவார். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. எமிஸ் என்ற பள்ளி மாணவர் தகவல் பதிவில் பால் தவறாக இருந்தால் கல்லூரி சேரும் நேரத்தில்தான் தெரியும். முதல் வகுப்பில் சேர்த்த வாரமே எமிஸ் விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் இன்னொரு முறை பாருங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறை மாற்றலாம், பாலை ஒரு முறைதான்.

இரண்டு பகுதிகள் உள்ள பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இடைவெளி விடாதீர்கள். அருண்மொழியைப் பிரித்து எழுதினால் கடவுச்சீட்டில் அருண் ஒரு கட்டம், மொழி ஒரு கட்டம் என்று போய்விடும். விமானச் சீட்டில் அருண் என்று வந்தால் 'திரு' சேர்ந்துவிடும். ஒற்றைப் பெயராக இருந்தால் தந்தை அல்லது தாய் பெயரை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் தடை போட்டது.

குந்தா தமிழ்:
இவ்வளவு தடுமாற்றத்தையும் குழந்தையின் தலையில் ஏற்ற வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கேத்தி பள்ளத்தாக்கு:
பெயரை மட்டும் பார்த்துப் பாலை அழுத்துபவரின் தவறுக்குப் பெயரையா மாற்றுவது ஐயா? சான்றிதழைப் பார்த்து நிரப்ப வேண்டியது அவர் கடமை. பழனி என்ற பெண்ணுக்கும் மணி என்ற பெண்ணுக்கும் இதே சிக்கல் வரும். நீங்கள் சொல்லும் பொதுப் பெயர்களுக்கும் இதிலிருந்து தப்பில்லை.

குந்தா தமிழ்:
அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். 'அன்' விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

நாக்குபெட்டா:
மனுப்பலகை அண்ணா, ஒரு கேள்வி. பேத்திக்கு 'மாத' என்று ன் இல்லாமல், படுகு ஒலிப்பிலேயே பதிய முடியுமா?

மனுப்பலகை:
முடியும் தம்பி. நீங்கள் எழுதிக் கொடுப்பதுதான் பெயர். ஆனால் வாயால் சொல்லிவிட்டு வந்தால் 'மாதன்' என்றோ 'மாதா' என்றோ ஏறிவிடும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் அச்சாகும் முன் திரையில் காட்டச் சொல்லி இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் குறில், நெடில் தெரியாது என்பதால் அங்கே எப்படி எழுதுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். ஆதார், வங்கி, பள்ளி மூன்றிலும் அதே எழுத்துக்கூட்டலைத் தொடருங்கள்.