மழை பெய்த ஆண்டுகளில் எல்லாம் சிக்குன்குனியா ஏன் வரவில்லை?

கரிசல்காடு:
2006-இல் எங்கள் தெருவில் சிக்குன்குனியா நுழையாத வீடே இல்லை. அம்மா பல மாதங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை மழை கொட்டியும், கொசுவுக்குக் குறைவே இல்லாதிருந்தும், அந்த நோய் அதே வேகத்தில் எங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. டெங்கு மட்டும் அடிக்கடி தலைகாட்டுகிறது. இரண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசுதான் எனும்போது இந்த வேறுபாடு எதனால்?

பூச்சியியல் மாணவி:
கொசு இருந்தால் மட்டும் போதாது. கிருமிக்கு இடம்கொடுக்கும் உடல்களும் வேண்டும். சிக்குன்குனியா ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்பாற்றல் நெடுங்காலம் நிற்பதால், தெருவே படுத்து எழுந்தபின் அங்கே பரவுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. சென்னையில் 1964-இலும், மகாராஷ்டிரத்தின் பார்சியில் 1973-இலும் பரவிய பிறகு, ஏறத்தாழ 32 ஆண்டுகள் இந்தியாவில் அது பெரிதாகத் தலையெடுக்கவில்லை. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையே 2006-இல் அதற்கு இரையானது. அவ்வாண்டு நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு நோய் இருக்கலாம் எனப் பதிவாயிற்று. டெங்குவோ நான்கு வகை. ஒன்றுக்கு எதிராகப் பெற்ற ஆற்றல் மற்ற மூன்றை நீண்ட நாள் தடுக்காது என்பதோடு, இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பும் அதிகம். இலங்கையில் 2017-இல் 1.8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, சில ஆண்டுகளாக அங்கே அரிதாயிருந்த இரண்டாம் வகையே மேலோங்கியிருந்தது.

வைப்பாறு:
மேலே சொன்னது சரியே. ஆனால் வானிலையை மழை என்று மட்டும் கொள்ளக்கூடாது. கென்யாவின் லாமு தீவில் 2004-இல் சிக்குன்குனியா வெடித்தது கடும் வறட்சியில். மக்கள் வீட்டில் சேமித்து வைத்த நீரே கொசுவுக்குத் தொட்டிலாயிற்று. கொட்டித் தீர்க்கும் மழை புழுக்களை அடித்துச் செல்வதும் உண்டு. வெப்பத்தின் வேலை வேறு: கொசு குடித்த இரத்தத்திலுள்ள கிருமி அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடையச் சில நாட்கள் பிடிக்கும், சூடு ஏறினால் அந்த நாட்கள் குறையும், அளவு மீறினால் கொசுவே மடியும். ஏடிஸ் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். நீர் ஏறியதும் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொன்று: சிக்குன்குனியா திரும்பவே இல்லை என்று எண்ண வேண்டாம். தில்லியில் 2016-இல் வந்தது. 2005–06-இல் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைத் தாக்கிய ரெயூனியன் தீவில் 2025-இல் மறுபடியும் பெரிதாகப் பரவியது.

கரிசல்காடு:
இருவருக்கும் நன்றி. எங்கள் சிமென்ட் தொட்டியின் உட்சுவரில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஒட்டியிருப்பதை இத்தனை நாளும் அழுக்கு என்றே நினைத்திருந்தேன். என் மகனுக்கு வயது பதினான்கு. 2006-ஐ அவன் பார்த்ததில்லை.