மாடியில் ஃப்ளஷ் செய்தால் கீழ் பாத்ரூமில் நாற்றம், என்ன காரணம்?

காட்பாடிவாசி:
கீழ்வீடு பழசு. போன வருஷம் மேலே ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டோம். அதிலிருந்து மாடியில் யார் ஃப்ளஷ் பண்ணினாலும் எங்கள் பாத்ரூம் நானி ட்ராப்பில் (தரையில் தண்ணீர் வெளியேறும் குழி) களக் களக் என்று சத்தம், கூடவே சாக்கடை நாற்றம். தண்ணீர் தேங்கவில்லை, குளிக்கிற தண்ணீர் சீராகத்தான் போகிறது. ஆசிட், பினாயில் எல்லாம் ஊற்றியாச்சு. பிளம்பர் அடைப்பு என்கிறார், மேஸ்திரி செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிப் பார்க்கலாம் என்கிறார். கைக்குழந்தை இருக்கிற வீடு, விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் சிவில்:
சார், டேங்கில் ஆளை இறக்கவே கூடாது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறக்குவது குற்றம், அதைவிட உள்ளே இருக்கிற விஷவாயு ஆளை உடனே சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து. டேங்க் நிரம்பியிருந்தால் லாரி வைத்து உறிஞ்சிக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடைப்பு மாதிரி தெரியவில்லை, காற்றுப் பிரச்சினை. நானி ட்ராப்பில் எப்போதும் இரண்டு அங்குலமாவது தண்ணீர் நிற்கும், டேங்க் வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். மாடியில் ஃப்ளஷ் பண்ணியதும் 4 அங்குலக் குழாயில் மொத்தமாக இறங்கும் தண்ணீர் தனக்கு முன்னால் இருக்கிற காற்றைத் தள்ளும், பின்னால் இருப்பதை இழுக்கும். அந்தக் காற்று வந்து போக மேலே வழி இல்லாவிட்டால் உங்கள் ட்ராப் வழியாகத்தான் வந்து போகும், அந்தச் சத்தம் இதுதான். இழுக்கிற இழுப்பில் ட்ராப் தண்ணீரும் போய்விடும், அப்புறம் நாற்றம் வராமல் என்ன செய்யும்? டார்ச் அடித்து, ஃப்ளஷ் பண்ணுவதற்கு முன்னும் பின்னும் ட்ராப்பில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். மொட்டைமாடிக்குப் போய் அந்தக் குழாயின் மேல்முனை எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஆற்காடு அக்கா:
இன்னொன்றையும் பாருங்க தம்பி. வாஷ்பேசினுக்குக் கீழே நெளிக்குழாயை ட்ராப் இல்லாமல் நேராகச் சுவர்க் குழாயில் செருகி விட்டிருப்பார்கள், அதைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி இருக்கும். எங்கள் வீட்டில் நாற்றம் வந்ததே அந்த வழியாகத்தான், பேசினுக்கு அடியில் தண்ணீர் நிற்கிற பாட்டில் ட்ராப் போட்டதும் நின்றது. நம்ம ஊர் கத்திரி வெயிலில் புழங்காத பாத்ரூமில் ட்ராப் தண்ணீர் தானாகவே வற்றிவிடும், வாரம் ஒரு சொம்பு ஊற்றுங்க. ஊருக்குப் போவதானால் மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போனால் சீக்கிரம் வற்றாது.

காட்பாடிவாசி:
பார்த்துவிட்டேன். ஃப்ளஷ் பண்ணியதும் தண்ணீர் பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது. மொட்டைமாடியில் குழாய் தளத்துக்கு மேல் ஒரு ஜாண்தான் நீட்டியிருக்கிறது, அதற்கும் எண்ட் கேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால் மழைத்தண்ணீர், பல்லி உள்ளே போகும் என்கிறார் மேஸ்திரி. அக்கா, வாஷ்பேசினில் ட்ராப் இருக்கிறது.

குடியாத்தம் சிவில்:
அதேதான் சார். கேப்பை அறுத்து எடுத்துவிட்டு அதே அளவுக் குழாயை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றுங்கள், முனையில் கவுல் (காற்றுப் போக ஓட்டை வைத்த மூடி) மாட்டுங்கள். மழைத்தண்ணீர் அதில் எவ்வளவு போய்விடும், கவலையே வேண்டாம். கொசுவுக்கு வலை கட்டலாம், ஆனால் தூசியும் ஒட்டடையும் சேர்ந்து அதுவே மூடியாகிவிடும், அவ்வப்போது தட்டிவிடணும். மாடி வீட்டு ஜன்னல் பக்கம் வாயைத் திருப்பிவிடாதீர்கள்.

அதற்கப்புறமும் லேசாகக் குமிழி வந்தால், கீழ் பாத்ரூம் லைனை மாடிக் குழாயில் சேர்க்காமல் தனியாகச் சேம்பருக்கு (வெளியே குழாய்கள் சேரும் மூடி போட்ட தொட்டி) கொண்டுபோகச் சொல்லுங்கள். மாடித் தண்ணீர் வேகமாக இறங்கித் திரும்புகிற அடி பெண்டுக்குப் பக்கத்தில் கீழ்வீட்டு இணைப்பு இருப்பது எப்போதும் தொல்லைதான். தோண்டும்போது வாட்டத்தையும் பார்த்துவிடுங்கள், 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் இறக்கம் சரியாக இருக்கும். திருப்பத்தில் 90 டிகிரி எல்போ வேண்டாம், இரண்டு 45 போடச் சொல்லுங்கள், அதில் ஒன்று கதவு வைத்ததாக இருந்தால் பின்னால் அடைப்பு எடுக்கச் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.