அரிசி ஆலையில் புதுப் பட்டதாரிகள்: பிரிவு பிரிவாகச் சுற்ற விடுவதா, ஒரே இடத்தில் நிறுத்துவதா?

அரசலாறு:
மன்னார்குடி பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலைக்கு ஜூனில் ஆறு பட்டதாரிகளை எடுக்கிறார்கள். உணவுத் தொழில்நுட்பம் மூன்று பேர், மெக்கானிக்கல் இரண்டு, வேளாண்மை ஒன்று. பயிற்சித் திட்டம் என் பொறுப்பு. முதல் வாரம் வகுப்பும் பாதுகாப்பும். பிறகு கொள்முதல், ஊறல்-அவியல், டிரையர், ஷெல்லர் (உமி உரிக்கும் மெஷின்), பாலிஷர் (தவிடு நீக்கும் மெஷின்), ஆய்வகம் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம். ஆக 13 வாரம். செப்டம்பர் கடைசியில் குறுவை நெல் வரும்போது ஆள் தயாராக இருக்கும் என்பது கணக்கு. குறை இருந்தால் சொல்லுங்கள்.

கொள்ளிடம்:
சுற்ற விடுவதில் எனக்கு உடன்பாடில்லை தம்பி. இரண்டு வாரத்தில் மெஷினின் பெயர்தான் மனதில் நிற்கும், கோளாறு பிடிபடாது. ஷெல்லரையே பாருங்கள். புதிதாக வருகிறவர் ஒரு நெல்கூட உரியாமல் போகக்கூடாது என்று ரப்பர் ரோலை இறுக்குவார். நொய் ஏறும், ரப்பரும் வீணாகத் தேயும். ஷெல்லருக்குக் கீழே ஒரு கை அள்ளி நூறு மணி எண்ணச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து உரியாத நெல் இருந்தால் பரவாயில்லை, செபரேட்டர் பிரித்துத் திருப்பி அனுப்பிவிடும். வேகமாகச் சுற்றும் ரோல் முதலில் தேயும். எப்போது இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது என்பது தினமும் எண்ணிப் பார்க்கிற கைக்குத்தான் தெரியும். முதல் நாளிலிருந்தே ஆளுக்கு ஒரு பிரிவைக் கொடுங்கள், மூன்று மாதம் அங்கேயே நிற்கட்டும்.

வெண்ணாறு:
அண்ணே, ஒரே இடத்தில் நிற்கிறவர் தன் தப்பைத் தானே பார்க்க முடியாது. டிரையரில் நெல்லை ஒரே மூச்சில் 14 சதவீத ஈரத்துக்கு இறக்கினால் அரிசி உள்ளே வெடிக்கும். 18 வாக்கில் நிறுத்தி, சில மணி நேரம் ஆறப்போட்டு, அப்புறம்தான் மிச்சத்தைக் காயவைக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் அந்த வெடிப்பு டிரையரில் தெரிவதில்லை, பிறகு பாலிஷரில் நொய்யாகக் கொட்டுகிறது. திட்டு பாலிஷர்காரருக்கு. டிரையர் பையன் பாலிஷர் பக்கமே போகாவிட்டால் இது எப்படிப் புரியும்?

கொள்ளிடம்:
நியாயம். ஆனால் அதற்கு ஆளை இடம் மாற்ற வேண்டாம், லாட்டை, அதாவது ஒன்றாக வந்த நெல் தொகுதியை, பின்தொடரச் சொல்லுங்கள். வாரம் ஒரு லாட். வாசலில் மாதிரி எடுக்க மூட்டையில் குத்தூசி போடுவதிலிருந்து மூட்டை தைப்பது வரை அதன் கூடவே போகட்டும். வாசலில் ஈரம், டிரையர் முடிந்ததும் ஈரம், பாலிஷரில் நொய், கடைசியில் அரிசி எடை: இந்த நாலு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதட்டும். மற்ற நாள் தன் பிரிவில். தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமில் படித்து வருகிறவருக்கு அவியல் கோட்பாடு தெரியும். வகுப்பில் அதையே திரும்ப ஓதாதீர்கள்.

வெட்டாறு:
இருவரும் பருவத்தை மறந்துவிட்டீர்கள். ஜூன் முதல் ஆலையில் ஓடுவது பெரும்பாலும் இருப்பு வைத்த காய்ந்த சம்பா நெல். யார் கையில் கொடுத்தாலும் ஓடும். குறுவை மழையில் நனைந்து வரும்போதுதான் சோதனை. அரசுக் கொள்முதலின் வழக்கமான வரம்பே 17 சதவீதம், தனியார் வாசலுக்கு அதற்கும் மேலே வரும். மூட்டையின் வாயில் மட்டும் மாதிரி எடுத்தால் ஈரம் குறைவாகக் காட்டும். நடுவிலும் அடியிலும் குத்த வேண்டும். டிரையரிலிருந்து சூடாக வந்த நெல்லை உடனே மீட்டரில் போட்டால் அளவு தப்பும்.

கணக்கிலும் சறுக்குவார்கள். 20 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல் 14-க்குக் காய்ந்தால் 60 கிலோ குறையும் என்பார்கள். உலர்ந்த பொருள் 800 கிலோ, 14 சதவீத ஈரத்தில் அதுவே 86 சதவீதம், எனவே 0.86-ஆல் வகுத்தால் 930. குறைவது 70 கிலோ. டன்னுக்குப் பத்து கிலோ விலையில் பிசகும். இந்தக் கணக்கை ஈர நெல் வரும்போது போட வையுங்கள், வகுப்பறையில் வேண்டாம். மதிப்பீட்டை 13-வது வாரத்தில் முடிக்காமல் நவம்பர் வரை தள்ளுங்கள்.

அரசலாறு:
நிர்வாகம் கடைசி நாளில் எழுத்துத் தேர்வு கேட்கிறது. சொல்லிக்கொடுக்க மூத்த ஆபரேட்டர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

வெண்ணாறு:
1959-ல் அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பாட்ரிக் பயிற்சியை நாலு படியாக மதிப்பிடச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, விளைவு வந்ததா. எழுத்துத் தேர்வு இரண்டாம் படியோடு நின்றுவிடும். மூன்றுக்கும் நான்குக்கும் அந்த நாலு எண் தாள்தான் சான்று. அதைவிட முக்கியம், ஆபரேட்டருக்கு டன் கணக்கில் இலக்கு வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கவும் சொன்னால் பையனை ஓரமாக நிற்க வைத்துவிடுவார். ஒருவருக்கு இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த ஷிஃப்டின் இலக்கைக் குறைத்து, மாதம் ஒரு படித்தொகையும் கொடுங்கள்.

கொள்ளிடம்:
படித்தொகை சரி. இலக்கைக் குறைக்க குறுவை நேரத்தில் எந்த முதலாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார். அதை ஜூலை, ஆகஸ்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள் தம்பி. இன்னொன்று, பாய்லர் பக்கம் சான்றிதழ் பெற்ற ஆபரேட்டர் இல்லாமல் பட்டதாரி வால்வைத் தொடக்கூடாது. அதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

வெட்டாறு:
நவம்பர் வரை மதிப்பீடு என்றால் அதுவரை உதவித்தொகையா, முழுச் சம்பளமா என்பதையும் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பையன்கள் குறுவை வருவதற்குள் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.